ஓர் எழுத்தைக்கூட அழிக்கவில்லை

என் கையெழுத்து வலப்பக்கமாகச் சாயும். படிக்கச் சிரமமாக இருந்தால் கண்ணாடியைப் போட்டுக்கொள். உனக்கும் இப்போது கண்ணாடி வந்துவிட்டதைப் போன வாரம் கவனித்தேன்.

போனில் நீ பேசியது மூன்றே வாக்கியம். "உங்க குரலைக் கேக்க வேணாம். நடந்ததை நடந்தபடி எழுதிக் குடுங்க. ஒண்ணையும் விடாதீங்க." அவ்வளவுதான், வைத்துவிட்டாய். கோபத்திலும் தெளிவாகப் பேசுகிறாய். அது என் பக்கத்திலிருந்து வந்த குணம்.

நானும் உன் மாமாவும் ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலையில் ஒரே பிரிவில் இருந்தோம் என்று உனக்குத் தெரியும். என்ன வேலை பார்த்தோம் என்று யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். டிஸ்குக்குள் ஒரு தட்டு சுழலும். அதன்மேல் படாமல் ஒரு சின்னக் கை நீண்டிருக்கும். கையின் நுனியில் இருப்பது ஹெட். எழுதுவதும் படிப்பதும் அதுதான். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் நூற்றுக்கணக்கான தடங்கள்; அதில் ஒன்றின்மேல் மட்டும் ஹெட் நிற்க வேண்டும். சும்மா விட்டால் நிற்காது, அலையும். அதனால் தட்டு முழுக்க இடைவெளி விட்டு விட்டுச் சில குறிகளைத் தொழிற்சாலையிலேயே பதித்து அனுப்புவோம். சர்வோ குறிகள் என்போம். ஒவ்வொரு குறியைக் கடக்கும்போதும் ஹெட் தான் எவ்வளவு விலகியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு திருத்திக்கொள்ளும். நொடிக்குப் பல்லாயிரம் முறை. எங்கள் டிஸ்குகளின் குறிகளுக்கு வடிவம் வரைந்தவர்கள் நாங்கள் இருவர்.

மச்சான்தான் பிரிவுக்குத் தலைவர். தொழிற்சாலையில் அவருக்கு 'ஸ்கேல்' என்று பட்டப்பெயர். ஒரு கோடு பிசகமாட்டார், பிசகவிடவும் மாட்டார். என்னை அவருக்குப் பிடித்துப்போனது. தன் தங்கையை எனக்குக் கட்டிக்கொடுத்தார். கல்யாணத்தன்று எல்லோர் முன்னாலும், "இவனை நம்பி என் டிசைனையே குடுப்பேன், தங்கச்சியைக் குடுக்கமாட்டேனா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உனக்கு ஐந்து வயதாகும்போது ஒரு புது மாடல் வெளியே போகத் தயாரானது. சோதனையில் ஒரு கோளாறைக் கண்டுபிடித்தேன். ஒரே பெட்டிக்குள் பல டிஸ்குகளை அடுக்கி, விசிறி ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஓடினால், அந்த அதிர்வுக்கு டிஸ்கின் கை நடுங்கியது. ஹெட் தடத்தில் கால்வாசி விலகி, பக்கத்துத் தடத்தின் ஓரத்தில் எழுதிவிட்டது. இதை அறிக்கையில் பதினேழாம் பக்கமாக எழுதி, கையெழுத்துப் போட்டு, மச்சானின் மேசையில் என் கையாலேயே வைத்தேன்.

மாடல் வெளியே போனது. ஏழு மாதத்தில் டிஸ்குகள் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தன. விசாரணை வைத்தார்கள். நீள மேசை, ஐந்து பேர், எனக்கு மட்டும் கைப்பிடி இல்லாத நாற்காலி. அறிக்கையில் பதினாறாம் பக்கத்துக்கு அடுத்து பதினெட்டு இருந்தது. கணினியிலும் அந்தக் கோப்பு இல்லை. மச்சானைக் கேட்டார்கள். அவர் என் பக்கம் திரும்பாமலே, "அப்படி ஒரு பக்கம் என் கைக்கு வரலை" என்றார்.

கோளாறு தெரிந்தும் மறைத்தவன் என்று எழுதி என்னை அனுப்பினார்கள். அப்படி எழுதி அனுப்பியவனை அந்தத் தொழிலில் வேறு யாரும் வாசலில்கூட நிற்கவிடமாட்டார்கள்.

இதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலை போனால் வேறு வேலை. உன் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "அண்ணன் பொய் சொல்றவன் இல்லைங்க. நீங்க எங்கயாவது மறந்து வெச்சிருப்பீங்க" என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எட்டு மாதம் அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. குரல் உயர்த்தியதில்லை, கை நீட்டியதில்லை. அதை நீயே சொல்வாய். உனக்கு ஞாபகம் இருக்கலாம், "அப்பா, அம்மா சாப்பிடக் கூப்பிடறா" என்று நீதான் அடுப்படிக்கும் முன்னறைக்கும் ஓடிக்கொண்டிருந்தாய். உனக்கு அது விளையாட்டாக இருந்தது என்று நினைக்கிறேன். ஒன்பதாம் மாதம் அவள் உன்னை அழைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போதும் வாசலில் நின்று என்னவோ கேட்டாள். நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

உன் அத்தையை, மச்சானின் மனைவியைப் பற்றி எழுத வேண்டும். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அப்போது கையில் தன் மகன் வாலுவை வைத்திருந்தார், ஒரு வயதுக் குழந்தை. மச்சானுக்குத் தெரியாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தோளில் அவனையும் ஒரு கையில் உன்னையும் பிடித்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி என்னிடம் வருவார். நீயும் நானும் பேசிக்கொண்டிருக்கட்டும் என்று வெளியே படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொள்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கதவைத் திறக்கவில்லை. உள்ளேதான் இருந்தேன். திறக்காவிட்டாலும் அடுத்த வாரம் வருகிறார்களா என்று பார்க்கத் தோன்றியது. வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். மொத்தம் நான்கு வாரம் தட்டினார். ஐந்தாம் வாரம் வரவில்லை. மனிதர்களின் அன்புக்கு ஓர் அளவு உண்டு என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன்.

கெட்டுப்போன டிஸ்கிலிருந்து தகவல்களை மீட்டுத் தரும் இந்தக் கடையை வைத்தேன். நல்ல பெயர். உன் அம்மா காலமான செய்தி வந்தபோது வரவில்லை என்று உனக்கு வருத்தம் இருக்கும். கடைசிவரை அவள் அண்ணன் சொன்னதையே நம்பிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்து நான் என்ன செய்ய?

வாலு இறந்ததும் கேள்விப்பட்டதுதான். ஹாஸ்டல் வாசலில் லாரி. பத்தொன்பது வயது. அதற்கும் வரவில்லை.

ஒரு மாதம் முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கடையைத் திறந்து கூட்டிக்கொண்டிருந்தேன். மச்சான் வாசலில் நின்றார். இருபத்திரண்டு வருஷம் கழித்துப் பார்க்கிறேன். ஸ்கேல் வளைந்துவிட்டிருந்தது. கையில் ஒரு துண்டில் சுற்றிய டிஸ்க்.

"மாப்பிள்ளை, நாலு கடையில காட்டிட்டேன். எல்லாரும் கையை விரிச்சுட்டாங்க. உன்னை விட்டா எனக்கு ஆள் இல்லை" என்றார்.

உட்காரச் சொன்னேன். அவர் சொன்னது உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எனக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். வாலு போன பிறகு அக்காவுக்கு மறதி வந்துவிட்டது. மகன் இறந்ததே நினைவில் இல்லை. யார் ஊட்டினாலும் வாயைத் திறப்பதில்லை. ஹாஸ்டலில் இருந்த இரண்டு வருஷமும் வாலு தினமும் அம்மாவுக்கு ஒரு சின்ன வீடியோ அனுப்புவான். அதில் ஒன்றைப் போட்டுக் காட்டினால் மட்டும் சாப்பிடுவார். அத்தனையும் அந்த ஒரு டிஸ்கில்தான் இருந்தது. அக்காவே ஒயரைப் பிடித்து இழுத்ததில் மேசையிலிருந்து விழுந்துவிட்டது.

"இத்தனை வருஷம் டிஸ்க் பண்ணவன், ஒரு காப்பி எடுத்து வெக்கலை பாரு" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"இப்ப சாப்பிடறாங்களா?"

"தண்ணி குடிக்கிறா. ரெண்டு வாய் போகுது, துப்பிடறா. சீக்கிரம் பாரு மாப்பிள்ளை."

"வெச்சுட்டுப் போங்க. பாக்கறேன்" என்றேன்.

விழுந்ததில் ஹெட் மட்டும்தான் சிதைந்திருந்தது. அதே மாடல் டிஸ்க் ஒன்றிலிருந்து நல்ல ஹெட்டைக் கழற்றி மாட்டினேன். மூன்றாம் நாள் எல்லாம் வந்துவிட்டன. அறுநூற்றுப் பன்னிரண்டு வீடியோ. ஒன்றுகூடப் பழுதில்லை. என் கடையில் அவ்வளவு சுத்தமாக மீண்ட டிஸ்க் குறைவு.

எல்லாவற்றையும் பார்த்தேன். அது தேவை, உள்ளே இருப்பதன் மதிப்புத் தெரியாமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. நல்ல பையன். பல்லில் கம்பி போட்டிருந்தான், பிறகு எடுத்துவிட்டான். ஒன்றில் கிழிந்த சட்டையைக் காட்டி, "நீ தெச்சதும்மா, உன்னை மாதிரியே பிடிவாதம், நூல் பட்டனை விட மாட்டேங்குது, துணியைத்தான் விட்டுச்சு" என்றான். முடிக்கும்போது எப்போதும் ஒரே பேச்சு. "நான் சாப்ட்டேன்மா. நீ சாப்பிடு. சாப்பிடு, நான் பாத்துக்கிட்டே இருக்கேன்." ஒரு கவளம் போகும் அளவுக்குச் சும்மா கேமராவைப் பார்த்துக்கொண்டு இருப்பான். அறுநூற்றுப் பன்னிரண்டு முறையும் இருந்தான்.

ஒரு வீடியோவில் நீயும் வருகிறாய். விடுமுறைக்கு வந்தவனோடு வாசலில் நிற்கிறாய். அவன், "அக்கா, நம்ம வீட்ல யார் அழகு சொல்லு" என்கிறான். நீ, "அத்தை" என்கிறாய். அதை மூன்று முறை பார்த்தேன்.

பிறகு என் வேலையைச் செய்தேன்.

சர்வோ குறிகளை யாரும் தவறிக்கூட அழித்துவிடாதபடி டிஸ்குக்குள் ஒரு காவல் உண்டு. ஹெட் குறியின்மேல் போகும்போது எழுதும் வசதி தானாக நின்றுவிடும். அந்தக் காவலை எப்படி விலக்குவது என்று தெரிந்த ஆட்கள் அதிகம் இல்லை. நான் விலக்கினேன். காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்து, மாலை வெயில் இறங்கும்போது முடித்தேன். தட்டு முழுக்க, ஒரு குறி விடாமல், குறிகளை மட்டும் துடைத்தேன். இடையில் இருந்த வாலுவின் முகத்தையோ குரலையோ தொடவில்லை. ஓர் எழுத்தைக்கூட அழிக்கவில்லை. எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. எந்த ஹெட்டும் இனி அவற்றின்மேல் நிற்க முடியாது, அவ்வளவுதான்.

வேண்டுமென்றால் சுத்தியலால் ஓர் அடி அடித்திருக்கலாம், அரை நிமிஷ வேலை. ஆனால் சுத்தியல் அடி யார் அடித்தாலும் ஒன்றுதான். இதை ஒருவர் மட்டும் படிக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்தக் குறிகளை என்னோடு சேர்ந்து வரைந்தவர்.

மறுநாள் டிஸ்கைத் திருப்பிக் கொடுத்தேன். "ஒண்ணும் முடியலை மச்சான்." அவர் தட்டிக்கேட்கவில்லை. துண்டில் மறுபடி சுற்றினார். முடிச்சுப் போட அவருக்கு இரண்டு தடவை ஆனது. கூலி வாங்க மறுத்துவிட்டேன்.

ஒன்பது நாள் கழித்து வந்தார். வீட்டில் பழைய கருவிகளைத் தூசி தட்டி, டிஸ்கைப் பிரித்து, ஹெட்டிலிருந்து வரும் சிக்னலைப் பார்த்திருக்கிறார். எதிர்பார்த்ததைவிட இரண்டு நாள் கூடுதலாக எடுத்துக்கொண்டார். வயது.

வந்தவர் உட்காரவில்லை. "விழுந்து கெட்ட டிஸ்க் இவ்வளவு ஒழுங்காக் கெடாது, மாப்பிள்ளை" என்றார்.

"ஆமா" என்றேன்.

தெருவில் யாரோ ஷட்டரை ஏற்றும் சத்தம் கேட்டது. பிறகு அவராகவே பேசினார். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"பதினேழாம் பக்கம் என் கைக்கு வந்துச்சு. நான்தான் உருவி எடுத்தேன். தேதி தள்ளிப்போனா என்னைத் தூக்கிடுவாங்கன்னு பயம். வீட்ல வாலு வயித்துல. அப்புறம் சமாளிச்சுக்கலாம்னு நெனச்சேன். அப்புறம்ங்கிறது வரவே இல்லை."

இருபத்திரண்டு வருஷமாக அவர் என்ன சொல்வார் என்று மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன். ஏறக்குறைய அதே வார்த்தைகள். உள்ளே ஏதாவது இறங்கும், லேசாகும் என்று எதிர்பார்த்தேன். பால் பொங்கும் சத்தம் கேட்டது. உள்ளே போய் டீ போட்டு எடுத்துவந்து வைத்தேன்.

அவர் டீயைத் தொடவில்லை. "நீ காப்பி எடுக்காம இதைச் செஞ்சிருக்க மாட்டே. உன்னை எனக்குத் தெரியும். எங்க வெச்சிருக்கே? எனக்காக வேணாம். அவளை ஆஸ்பத்திரியில சேத்திருக்கேன். குழாய் போட்டா பிடுங்கி எறியறா. உனக்கு அவ என்னய்யா பண்ணா?"

"காப்பி இல்லை" என்றேன்.

"மாப்பிள்ளை, யார்கிட்ட வேணாலும் சொல்றேன். எங்க வேணாலும் எழுதித் தரேன்."

"உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். அந்த விசாரணை நாளில் பார்க்காத பார்வையை அன்றைக்குத்தான் பார்த்தார். பிறகு படியிறங்கிப் போனார். டீ ஆறிப்போயிருந்தது, கீழே கொட்ட மனமில்லாமல் நானே குடித்தேன்.

தங்கையிடம் சொல்ல முடியாதவர் உன்னிடம் சொன்னார். அது எனக்கு மறுநாள் திங்கட்கிழமை நீ வந்த பிறகுதான் தெரிந்தது. நாலு மணி இருக்கும், அலுவலக அடையாள அட்டை கழுத்தில் தொங்க, வாசலில் நின்றாய். உன் அம்மாவின் நெற்றி.

நீ திட்டவில்லை. அதற்காக நன்றி. "மாமா எல்லாம் சொல்லிட்டார். அவர் உங்களுக்குப் பண்ணது தப்பு. அம்மா உங்களை நம்பாததும் தப்பு. அத்தை ஒரு தப்பும் பண்ணலை. என்ன செய்ய முடியுமோ செய்யுங்க" என்றாய். பிறகு, "அப்பா" என்றாய்.

ஆறு வயதில் கடைசியாகக் கூப்பிட்டது.

அந்த நேரத்தில் காப்பி என் மேசை இழுப்பறையில் இருந்தது. உனக்கும் அதற்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. மச்சான் சொன்னது சரி, எடுக்காமல் அதைச் செய்திருக்க மாட்டேன். நான் இழுப்பறையைத் திறக்கவில்லை. நீ கொண்டுவந்திருந்த டிஸ்கை வாங்கி, "இதுலேர்ந்தே மறுபடி எடுக்கப் பாக்கறேன். குறி இல்லாம ஹெட்டை நிறுத்தறது கஷ்டம். நாளைக்கு வா" என்றேன்.

செவ்வாய் வந்தாய். உனக்காக பிஸ்கட் வாங்கி வைத்திருந்தேன், ஒன்று எடுத்தாய். திரையில் ஒரு பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. அது எந்த டிஸ்கிலிருந்தும் வரவில்லை. "இன்னும் கொஞ்சம்" என்றேன். புதன்கிழமை பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஹெட் எப்படித் தடத்தைக் கண்டுபிடிக்கும் என்று கேட்டாய். ஒரு தாளில் வரைந்து காட்டினேன். சட்டென்று பிடித்துக்கொண்டாய். தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்று நீ தயங்கிய ஒரே இடத்தில், "அப்போ அது எப்பவுமே சரியான இடத்துல இருக்காதாப்பா?" என்று கேட்டாய். அது தப்பே இல்லை, அதுதான் விஷயம் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது.

வியாழக்கிழமை நீ உட்காரவில்லை. "டாக்டர் ரெண்டு நாள்ங்கறார். ஏதாவது ஒண்ணு, ஒரே ஒரு வீடியோ வந்தாலும் போதும்" என்றாய். என் தோளைப் பிடித்துக்கொண்டாய். நான், "நாளைக்கு நிச்சயம்" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

அக்கா வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டார். ஆஸ்பத்திரிச் சீட்டில் இதயம் நின்றதாக எழுதியிருப்பதாக மச்சானின் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். மறதி நோய்க்காரர்கள் எத்தனையோ காரணத்தால் சாப்பிடாமல் போவார்கள். நானும் தேடிப் படித்தேன். என்னால் என்று டாக்டர்கூட எழுதவில்லை.

மச்சானைப் பற்றி எனக்கு இப்போது ஒன்றும் இல்லை. அவர் ஒரு பக்கத்தை உருவினார், நான் குறிகளைத் துடைத்தேன். அவரிடம் அப்படியே சொல்.

நீ கேட்டபடி ஒன்றையும் விடவில்லை. அறுநூற்றுப் பன்னிரண்டும் அடங்கிய காப்பியை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். எல்லாம் ஓடும், சரிபார்த்துவிட்டேன். போலீஸிடம் காட்டுவதானால் காட்டு, கையெழுத்து என்னுடையதுதான் என்று சொல்வேன். ஆனால் என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று மட்டும் எங்கும் சொல்லாதே. வெள்ளிக்கிழமை உனக்குக் கொடுப்பதற்காக அதை உறையில் போட்டு, உன் பெயரெழுதி, நாலு மணியிலிருந்து மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு நீதான் வரவில்லை.